வீட்டுக்கு வரும் பள்ளிக்கூடம்



இத்தாலியில் 6 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆனால் அதை வீட்டிலும் கற்பிக்கலாம். அதற்குப் பெற்றோர் வருடந்தோறும் பள்ளி அதிபருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிள்ளை வருடாந்தப் பரீட்சையும் எழுத வேண்டும்.

சுகவீனமான பிள்ளைக்கு வேறு வழி உண்டு. வைத்தியசாலையில் இருந்து வந்த பிள்ளை 30 நாட்களாவது பள்ளிக்குப் போக முடியாவிட்டால், "இஸ்த்ருசியோனே தொமிசிலியாரே" என்று கேளுங்கள். வைத்தியசாலைச் சான்றிதழோடு விண்ணப்பித்தால், பள்ளி திட்டம் வகுத்து ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பும்.

பெற்றோரே, பாஷை வராதென்று பேசாமல் இருந்தால் பிள்ளையின் ஒரு வருடமே போய்விடும். பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளே, சுகமில்லாத தோழருக்காக ஜெபியுங்கள். அன்றைய பாடத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.