கியர்பாக்ஸுக்கும் காய்ச்சல் வரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா, கவிதை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். வளைகுடாவில் பெரிய வண்டிகளின் பராமரிப்பில் பல வருஷம் கையைக் கறையாக்கிக்கொண்டவன் நான். எனவே அந்த ஊர் வண்டிகளின் ஆட்டோமாடிக் கியர்பாக்ஸ் பற்றியே பேசுகிறேன். நம்மில் பலர் அங்கே பெரிய எஸ்.யூ.வி. ஓட்டுகிறீர்கள். எஞ்சினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். கியர்பாக்ஸ் ஞாபகம் வருவது அது படுத்த பிறகுதான்.

எனக்கு நன்றாகப் பழக்கமான வண்டியையே உதாரணமாகச் சொல்கிறேன். செவர்லே சபர்பன். 1935 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஓடிவரும் பெயர். ஆளும் சாமானும் ஏறினால் 3 டன்னைத் தொடும். அதன் 1500 வகையில் 1990-களிலும் 2000-களிலும் இருந்தது 4எல்60-இ என்ற பெட்டி. நாலு கியர், நீளவாக்கில் பொருத்துவது, எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. பிறகு 6 கியர், 10 கியர் என்று வளர்ந்துவிட்டார்கள். ஆனால் சாகும் விதம் மாறவில்லை. வயசாகிச் செத்த பெட்டிகளை நான் பார்த்தது அபூர்வம். சூட்டில் செத்தவைதான் அதிகம்.

சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, எதிரில் இன்னொரு ஃபேனை ஸ்விட்ச் போடாமல் வையுங்கள். முதல் ஃபேனின் காற்று இரண்டாவதைச் சுழற்றும். டார்க் கன்வெர்ட்டர் அதுதான். காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சின் பக்க விசிறி வேகமாகவும் கியர் பக்க விசிறி மெதுவாகவும் சுற்றினால், அந்த வித்தியாசத்தால் சூடு உண்டாகும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது சூடு குறைவு. மணல் மேட்டில் ஏறும்போதும், டிராஃபிக்கில் ஊரும்போதும் அந்தப் பிடி கிடையாது.

தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரையும் அமுக்குகிறீர்கள். எஞ்சின் 2,000 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 84 கிலோவாட். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. எனவே அத்தனையும் ஆயிலில்தான் இறங்குகிறது. வீட்டு கீஸர் 2 கிலோவாட். 42 கீஸர்களை ஒரே அண்டாவில் போட்ட மாதிரி! அண்டாவில் இருப்பதோ 10, 11 லிட்டர் ஆயில். அலுமினியக் கூடும் கூலரும் வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டால், விநாடிக்கு ஏறக்குறைய 5 டிகிரி ஏறும். ஸ்டால் டெஸ்ட் செய்யும்போது 5 விநாடிக்கு மேல் மிதிக்காதே என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்வது இதனால்தான். மணலில் புதைந்த வண்டியை மிதித்தே வெளியே கொண்டுவரப் பார்ப்பவர், தெரியாமல் இதே டெஸ்ட்டைத்தான் நிமிஷக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்.

80, 90 டிகிரியில் ஆயில் சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் உத்தேசக் கணக்கு. ஆயில் கெட்டால் பிரஷர் குறையும், ரப்பர் சீல்கள் கெட்டிப்படும், கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். இந்தப் பெட்டியில் முதலில் விழுவது 3-4 கிளட்ச். மூன்றாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் இந்த ஒரே கிளட்ச்தான். ஆகவே நெடுஞ்சாலையில் பாரம் முழுவதும் அதன் தலையில். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் 'ஊ' என்று ஏறி வண்டி சோம்பினால், அது தீய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பாலைவனத்து வேலைத்தளங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு சபர்பனின் பெட்டி 1,30,000 கிலோமீட்டரில் படுத்துவிட்டது. ஓட்டியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "மோசமாக ஓட்டினார்" என்று எழுதி, மாசா மாசம் அவர் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு போட்டார்கள். "சார், நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். கையில என்ன சாட்சி இருக்கு?" என்றார் அவர். சாட்சி வண்டியின் கையுறைப் பெட்டியிலேயே இருந்தது. ஓனர் புத்தகத்தில் பராமரிப்புக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று சாதாரண உபயோகம். இன்னொன்று கடின உபயோகம். வெளியே அடிக்கடி 32 டிகிரியைத் தொடும் ஊரின் நெரிசலில் ஓடினாலோ, மலைப்பாதையில் போனாலோ, டிரெய்லர் இழுத்தாலோ 50,000 மைலுக்கு, அதாவது சுமார் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்று என்கிறது இரண்டாவது அட்டவணை. வளைகுடாவில் 32 டிகிரி என்பது சர்வசாதாரணம்! ஆபீஸில் முதல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு, அந்த ஆயிலைத் தொடவே இல்லை. கழற்றிய பானையும் தார் மாதிரி இருந்த ஆயிலையும் புத்தகத்தோடு மேஜைமேல் வைத்தோம். பிடித்த பணம் மூன்று தவணையில் திரும்பி வந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மறு வருஷத்திலிருந்து எல்லா வண்டிக்கும் இரண்டாவது அட்டவணை அமலுக்கு வந்தது. நான் இருந்தவரை அந்த வண்டிகளில் வேறெந்த டிரைவரின் சம்பளத்திலும் கியர்பாக்ஸுக்காகக் கை வைக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ரேடியேட்டர் தொட்டிக்குள் ஓர் ஆயில் கூலர் இருக்கும். சுற்றியுள்ள தண்ணீரே கொதிக்கிற ஊரில் அது எவ்வளவு குளிர்விக்கும்? முன்னால் காற்றுப் படும்படி தனியாக ஒரு கூலர் வைத்து, ரேடியேட்டரிலிருந்து வரும் ஆயில் அதன் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும்படி இணையுங்கள். பெரிய வண்டிக்குச் செய்கிற செலவில் இதைவிட லாபமான செலவு எனக்குத் தெரியாது. ரேடியேட்டர் பழசானால் உள்கூலர் ஓட்டையாகித் தண்ணீரும் ஆயிலும் கலப்பதும் உண்டு. ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகித லைனிங்கின் பசையை கூலன்ட் கரைத்துவிடும்.

ஆயில் மாற்றும்போது பானைக் கழற்றினால் இறங்குவது பாதிதான். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எனவே ரொம்ப நாள் விட்டுப்போன வண்டிக்குச் சில வாரம் விட்டு இன்னொரு முறை மாற்றினால் நல்லது. பானுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் மைபோல மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இரும்பு இருந்தால் பயப்படுங்கள். டெக்ஸ்ரான் 3 போய் 2006 மாடலிலிருந்து டெக்ஸ்ரான் 6 வந்துவிட்டது. பழைய பெட்டிக்கும் அதை ஊற்றலாம். அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு ஏது பிரஷர்? 'பழைய ஆயிலை மாற்றினால் பெட்டி செத்துடும்' என்று ஒரு பேச்சு உண்டு. ஏற்கெனவே வழுக்கும் பெட்டி எப்படியும் சாகப்போகிறது. பழி புது ஆயில்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

ஓட்டுவதில் இரண்டு, மூன்று விஷயம். மணலில் மாட்டினால் ரிவர்ஸ், டிரைவ் என்று மாற்றி மாற்றி மிதித்து ஆட்டாதீர்கள். டயரில் காற்றை இறக்குங்கள், மண்வெட்டியை எடுங்கள், கௌரவம் குறையாது. மேட்டில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள், பிரேக் எதற்கு இருக்கிறது? டிரெய்லர் இழுக்கையில் டோ-ஹால் பொத்தானை அமுக்குங்கள். அது இல்லையென்றால், மூன்றுக்கும் நான்குக்கும் பெட்டி தாவிக்கொண்டிருப்பதைவிட மூன்றிலேயே போவது மேல். அழகுக்காக ராட்சச டயர் மாட்டுவது, கியர் விகிதத்தைக் கெடுத்துப் பெட்டிக்குக் கூடுதல் பாரம் ஏற்றும் வேலை. இளவட்டங்கள் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

"டாஷ்போர்டில் இதற்கு மீட்டரே இல்லையே?" என்று பின் வரிசையில் கேட்கிறார்கள். பெட்டிக்குள்ளே சென்சார் இருக்கிறது, ஐயா. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் ஆயில் சூட்டை செல்போனிலேயே பார்க்கலாம். 110-ஐத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். நியூட்ரலிலோ பார்க்கிலோ போட்டு, எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பம்ப் சுற்றினால்தான் ஆயில் கூலர் வழியே போகும். இப்போது வரும் பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயிலைக் குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்துத் திருகைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். அதை ரோட்டோரத்தில் செய்யச் சொல்லாதீர்கள். லிஃப்ட் உள்ள ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மீதிக் கேள்விகளை டீ நேரத்தில் வைத்துக்கொள்வோம்.