படம் இல்லாத சாமியைத்தான் திருடுவாங்க

கூமாப்பட்டியில் இருந்து பேசுறேன். ஓவியத் திருட்டு நாவல்களைப் பத்தி ஒரு பகுதி போடுங்கன்னு கேட்டிருந்தீங்க. அந்த மாதிரிக் கதை எல்லாருக்கும் தெரியும். பெரிய அருங்காட்சியகம், நடுராத்திரி, ஒரு கை தேர்ந்த கள்ளன், நாலு நாடு, கடைசியில் ஒரு கோடீஸ்வரன் வீட்டு நிலவறை. படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நிஜத்தில் அந்தத் தொழில் அப்படி நடக்கிறதில்லை. எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க பாரிஸுக்குப் போக வேண்டாம், அரியலூர் மாவட்டம் வரைக்கும் போனா போதும்.

முதல்ல ஓவியத்தையே பார்த்துடுவோம். 1911 ஆகஸ்டில் லூவர் அருங்காட்சியகத்தில் இருந்து மோனாலிசா காணாமல் போச்சு. எடுத்தவர் பெருஜியா என்கிற இத்தாலியர். ரெண்டு வருஷத்துக்கு மேல அதை வைத்திருந்தார், விற்க முடியல. 1913 டிசம்பரில் ஃப்ளோரன்ஸில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனார், பிடிபட்டார். காரணம் எளிது. அந்த முகத்தை உலகமே பார்த்திருக்கு. யார் வாங்குவாங்க?

1990 மார்ச்சில் பாஸ்டன் நகரத்து கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 13 பொருள்கள் போச்சு. ரெம்பிராண்ட், வெர்மீர் எல்லாம் அதில் உண்டு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கிடைக்கல. வெறும் சட்டங்களை அப்படியே சுவரில் மாட்டி வைத்திருக்காங்க. ஆனா அந்த ஓவியங்களையும் எந்த ஏலக்கடையும் வெளிப்படையாத் தொட முடியாது. எல்லாத்துக்கும் படம் இருக்கு, பட்டியல் இருக்கு.

இப்போ நம்ம கதை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். அங்கே ஒரு பிரகதீஸ்வரர் கோயில், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். கோயிலில் வழிபாடு நின்னு போயிருந்தது. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாத்தலாம்னு அதிகாரிகள் சொன்னப்போ ஊர்க்காரங்க விடல. எங்க சாமி எங்க ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னாங்க. அந்தப் பேச்சில் தப்பு சொல்ல முடியாது, நம்ம ஊரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். 2008இல் கதவைத் திறந்து பார்த்தா எட்டுச் சிலைகளைக் காணோம். 2006இலேயே போயிருக்கு. பூட்டின கதவுக்குப் பின்னால சாமி இருக்குன்னு ஊர் நம்பிக்கிட்டு இருந்திருக்கு.

அதே 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிற தேசியக் கலைக்கூடம் ஒரு நடராசரை வாங்குச்சு. விலை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் சுபாஷ் கபூர். நியூயார்க் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்று கடை வைத்திருந்தவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமா கேளுங்க. நாவலில் கள்ளன் கம்பியில் தொங்கி இறங்குவான். இங்கே வேலை எல்லாம் காகிதத்தில் நடந்துச்சு. 1968 முதல் 1971 வரை டெல்லியில் இருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் அப்போ இந்தச் சிலையை வாங்கினார்னு ஒரு ஆவணக் கதை தயார் பண்ணாங்க. ஏன் 1971? கலாசாரச் சொத்துக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970இல். நம்ம நாட்டுத் தொல்பொருள் சட்டம் 1972இல். அதுக்கு முன்னாடியே சிலை நாட்டை விட்டுப் போயிட்டதா காட்டிட்டா, வாங்குறவருக்கு மனசாட்சி உறுத்தாது, வக்கீலும் கேள்வி கேட்க மாட்டார். 2006இல் களவு போன சாமிக்கு முப்பத்தைந்து வருஷப் பழைய பயணச் சரித்திரம் எழுதிட்டாங்க. பெருஜியாவால் மோனாலிசாவுக்கு இப்படி ஒண்ணு எழுத முடியுமா? ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு முடிஞ்சது. அவர் முகத்தை வெளியில் யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் எப்படி மாட்டினாங்க? பார்த்தவங்க இருந்தாங்க. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு, 1955இல் தொடங்கினது. அவங்க தமிழ்நாட்டுக் கோயில்களில் சிலை சிலையாப் படம் எடுத்துத் தொகுத்திருக்காங்க. ஸ்ரீபுரந்தான் சிலைகளும் அந்தத் தொகுப்பில் இருந்துச்சு. கான்பெரா படத்தையும் புதுச்சேரிப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ஒரே சாமி. செப்புத் திருமேனிக்கு மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்திட்டு உலோகத்தை ஊத்துவாங்க. பிறகு அந்த மண் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளியே வரும். அதனால ஒரு சிலை மாதிரி இன்னொண்ணு அச்சு அசலா இருக்காது. திருவாசியின் சுடர் எண்ணிக்கை, விரல் மடக்கு, வார்ப்பில் விழுந்த சின்னக் குறை, எல்லாம் கைரேகை மாதிரி.

எஸ். விஜய்குமார் போன்ற ஆர்வலர்கள் இந்த ஒப்பீட்டு வேலையை வருஷக்கணக்கா செய்தாங்க. அவருடைய புத்தகம் 'தி ஐடல் தீஃப்' 2018இல் வந்தது, தமிழில் 'சிலைத் திருடன்'. திரில்லர் வேணும்னு கேட்டவங்க அதைப் படிங்க.

கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியில் கைதானார். 2012இல் இந்தியா கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராசரை ஒப்படைத்தார். கூடவே விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ஆனா டெல்லி வந்த நடராசர் நேரா ஸ்ரீபுரந்தான் போகல. சட்டத்தின் கண்ணுக்கு அவர் வழக்குச் சொத்து. முதல்ல நீதிமன்றத்துக்குத்தான் போனார்.

இதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982இல் களவு போனார். 2001இல் அடிலெய்டு கலைக்கூடம் வாங்கியது. 2019இல்தான் திரும்பினார். முப்பத்தேழு வருஷம்! அந்தக் கோயிலில் சாமியைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துடுச்சு. அங்கேயும் அடையாளம் காட்டினது பழைய புகைப்படம்தான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை ஊர் உலகமே அறியும். காவல் இருக்கு, கூட்டம் இருக்கு. என் கவலை வத்திராயிருப்புச் சுத்துப்பட்டில் ஒருவேளை விளக்கோட நிக்கிற சின்னக் கோயில்களைப் பத்தி. 2025இல் ரீல்ஸ் பார்த்துட்டுக் கூமாப்பட்டிக்கு எத்தனை பேர் வந்தாங்க! நம்ம ஊர்த் தண்ணியை உலகம் பூரா பார்த்தாச்சு. நம்ம சின்னக் கோயில் உற்சவருக்கு ஒரு ஒழுங்கான படம் இருக்கா? திருவிழாப் படம் இருக்கும். அதில் பட்டு, மாலை, நகை எல்லாம் சாத்தியிருக்கும், முகம் மட்டும் தெரியும். அலங்காரப் படத்தை வெச்சு நீதிமன்றத்தில் ஒண்ணும் நிரூபிக்க முடியாது.

அதனால ஒரு யோசனை. உங்க கோயில் அர்ச்சகர், அறங்காவலர், அறநிலையத்துறை அலுவலர் கிட்ட முறையா அனுமதி கேளுங்க. கோயிலுக்குள் செல்போன் கூடாதுன்னு 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவு இருக்கு, அதனால திருட்டுத்தனமா எடுக்க வேண்டாம். அபிஷேகம் முடிஞ்சு, அலங்காரத்துக்கு முன்னாடி, முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, பீடம், பழுது இருக்கிற இடம், எல்லாத்தையும் எடுக்கணும். பக்கத்துல ஒரு அளவுகோல் வைக்கணும். உயரத்தையும் தேதியையும் எழுதி, ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி அலுவலகத்தில். இன்டர்போல் 2021இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் என்கிற செயலியும் இந்த மாதிரிப் பதிவுக்குத்தான். அந்த விவரங்களை இணையத்தில் போட வேண்டாம், கள்ளனுக்கு நாமே பட்டியல் கொடுத்த மாதிரி ஆகிடும்.

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தா அதையும் எடுத்துப் பாருங்க. தாத்தா காலத்துக் கும்பாபிஷேகப் படம் ஒண்ணு போதும், நாளைக்கு எந்த நாட்டுக் கலைக்கூடமா இருந்தாலும் வாசலில் நின்னு இது எங்க சாமின்னு கேட்கலாம்.

உங்க ஊரில் இப்படிப் பதிவு நடந்திருந்தா எழுதுங்க, எப்படிச் செஞ்சீங்கன்னு அடுத்த பகுதியில் பேசுவோம்.