நித்திய கல்யாணியும் நோய் எதிர்ப்பாற்றலும்



ஆலயப் பூந்தோட்டத்திலும் இல்லத்து முற்றத்திலும் நாள் தவறாமல் மலர்வது நித்திய கல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று இதனை ஒதுக்குவோரும் உண்டு. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பர். மடகாஸ்கர் தீவில் தோன்றிய இச்செடி, புற்றுநோய் மருத்துவத்திற்கு வந்த வழி வியப்பானது.

நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவில் இருந்தது. 1952ஆம் ஆண்டு அங்கிருந்து சில இலைகள் கனடாவுக்குச் சென்றன. ராபர்ட் நோபல் என்னும் ஆய்வாளர் அவற்றின் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதோ, எலிகள் கிருமித் தொற்றால் மடிந்தன. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து போயிருந்தன!

வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்? கெடுதல் செய்த அப்பொருளையே மருந்தாக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நோபலும் சார்ல்ஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதன் இணையான வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. உயிரணு இரண்டாகப் பிரியத் துணைசெய்யும் நுண்ணிழைகளை உருவாகவிடாமல் தடுப்பதே இம்மருந்துகளின் செயல்.

ஆகவே, இச்செடி புற்றுநோயை எதிர்ப்பது உடலின் எதிர்ப்பாற்றலைப் பெருக்கி அன்று. மூலிகை என்றாலே எதிர்ப்பாற்றல் வளரும் என்பது பொதுவான நம்பிக்கை; இங்கு நிகழ்வது அதற்கு நேர்மாறு. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட இயலாது. நஞ்சோ நிச்சயம் உண்டு.

மஞ்சளின் கதை வேறு. அதிலுள்ள குர்குமின், ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கலங்களில் புற்றணுக்களைத் தடுப்பது உண்மை. ஆனால் உண்ணும் குர்குமினில் இரத்தத்தைச் சென்றடைவது மிகச் சொற்பம். குழம்பில் சேர்ப்பதற்குத் தடையேதும் இல்லை. மிளகுச் சத்துடன் சேர்த்து விற்கப்படும் மாத்திரைகளே கவலைக்குரியவை. அவை சிலருக்கு ஈரலைப் பாதித்துள்ளன.

மார்பில் தோன்றிய கட்டியைக் கூச்சத்தால் மறைத்து, பச்சிலைச் சாற்றை நம்பி மாதங்களைக் கழிக்கும் தாய்மார்கள் இன்றும் உள்ளனர். மருத்துவமனையின் ‘இங்கிலீஷ் மருந்து’ என்று அவர்கள் அஞ்சும் புட்டிகளுள் ஒன்றில் இருப்பது இந்த நித்திய கல்யாணியின் சத்தே என்பதை யாரேனும் அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். சிகிச்சை பெறுவோர், தாம் உட்கொள்ளும் சூரணம், லேகியம் அனைத்தையும் புட்டியோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நலம்.