கொட்டகைச் சிறுவன் கற்பித்த பாடம்



ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் பழைய கதை கேட்டால், திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்தத் திரையில் ஒருவர் தோன்றியதுமே லயத்து மக்கள் அத்தனை பேரும் சிரிக்கத் தொடங்குவார்களாம். மறுநாள் காலைப் பெரட்டிலும் அவர் பேச்சுத்தானாம். அவர்தாம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகைச் சிறுவன் ஒருவன் சமுதாயத்தைச் சிந்திக்க வைக்கும் படங்களை எடுக்கும் அளவுக்கு உயர்ந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்த மண். வில்லுப்பாட்டு வளர்ந்த மண். ஏழைக் குடும்பமாதலால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போன சிறுவனின் கண், கையிலிருந்த தட்டில் இல்லை, மேடையில் இருந்தது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலேயே அவர் சேர்ந்தார். அக்காலத்து 'பாய்ஸ் கம்பெனி' என்பது வெறும் நடிப்பு நிலையமன்று. பாட்டு, வசனம், மொழி உச்சரிப்பு, கட்டுப்பாடு அனைத்தையும் சிறுவர்களுக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அது.

அந்நாளைய தமிழ் நாடகத்தில் பார்சி நாடகத்தின் சாயலும் உண்டு. அதே பார்சி நாடகம் பினாங்குக்குக் கப்பலேறி வந்துதான் மலாய்ப் பங்சாவான் பிறக்கக் காரணமாயிற்று. ஆகவே நம் நாடகமும் நம் மலாய் அண்டை வீட்டாரின் நாடகமும் ஒருவகையில் உறவுக்காரர்களே.

1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவருடைய தொடக்க காலப் படம். கதை எஸ்.எஸ். வாசனுடையது, இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். குடியால் கெட்ட ஒருவன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வதை அப்படம் காட்டியது. தோட்டத்து வாழ்வு நமக்குப் புதிதா?

புகழின் உச்சியில் இருந்தபோது, 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, 1947இல் குற்றமற்றவர் என விடுதலையானார். சிறையிலிருந்து வந்தவர் கசப்பைப் பேசவில்லை. முன்னிலும் அதிகமாகப் பொதுநலம் பேசினார். 1949இல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் மதுவின் கேட்டைக் காட்டினார். 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகிய படங்களைத் தாமே இயக்கினார்.

'நல்லதம்பி'யில் 'கிந்தனார்' என்றொரு கதாகாலட்சேபம் உண்டு. நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கினார். கிந்தனோ படிப்புக்காக ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட அச்சிறுவனை வாத்தியார் விரட்டுகிறார். அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். அவனை வரவேற்க நிற்பவர் அதே வாத்தியார்!

நேயர்களே, இதைச் சொல்லும்போது நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வாசிக்கத் திணறினான். அவன் தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். ஒருநாள் சினத்தில், "உனக்குப் படிப்பு வராது, நீயும் குலை அறுக்கத்தான் போகிறாய்" என்று வகுப்பறிய ஏசிவிட்டோம். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அந்த வாரம் பெற்றோர் தின நாடகத்துக்காகக் 'கிந்தனார்' காட்சியைப் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் சிரித்தார்கள், நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாத்தியார் வேறு யாருமல்லர், நாமே!

மாலையில் லயத்துக்குப் போனோம். "வர மாட்டேங்கிறான் சார்," என்றார் தாயார். "நாடகத்தில் உனக்கு ஒரு வேடம் இருக்கிறது, தம்பி," என்றோம். "என்ன வேடம் சார்?" என்றான். "வாத்தியார் வேடம்." அவன் முகம் மலர்ந்தது. வசனத்தை மனப்பாடம் செய்வதற்காகவே எழுத்துக் கூட்டி வாசித்தான். விழாவன்று நம் நடையையும் குரலையும் அப்படியே செய்து காட்டினான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நாமும் சிரித்தோம், சற்றே தலையும் குனிந்தோம். ஆண்டிறுதியில் அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் பள்ளியை விட்டு நின்றுவிடவுமில்லை.

யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைத்து, சிரித்தவனையே சிந்திக்க வைப்பது கலைவாணர் வழி. 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், 48ஆம் வயதில் அவர் மறைந்தார். ஈட்டியதை வாரி வழங்கியவர் அவர். சென்னையில் பாலர் அரங்கம் என்றிருந்த மண்டபத்துக்குப் பின்னாளில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் சூட்டினார்கள். கொட்டகைச் சிறுவனுக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் அல்லவா!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மேடையேற விரும்பினால் "கூத்தாடவா போகிறாய்?" என்று தடுக்காதீர்கள். ஆசிரியர் நண்பர்களே, வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் ஒரு வேடம் கொடுத்துப் பாருங்கள். அவன் நமக்கும் ஒரு பாடம் நடத்தக்கூடும்.