ஆமா-ன்னா மாடு!

"ஆமா"ன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? அந்த "ஆமா" இல்ல, இன்னொரு ஆமா இருக்கு. இன்னைக்கு அதோட கதை.

முதல்ல ஐரோப்பாவுக்குப் போயிட்டு வருவோம். அங்கே ஒரு பிரமாண்டமான காட்டு மாடு இருந்துச்சு. பழைய ஜெர்மானிய மொழிகள்ல அதுக்குப் பேரு "ஊர்". நம்ம ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஒலி மட்டும்தான் ஒண்ணு! யானையைவிடக் கொஞ்சம்தான் சின்னதுன்னு ஜூலியஸ் சீசர் எழுதி வச்சிருக்கார். பின்னாடி ஜெர்மன்காரங்க "காளை"ங்கிற சொல்லையும் சேர்த்து "ஆவர்ஆக்ஸ"ன்னு கூப்பிட்டாங்க. கடைசி மாடு 1627-ல போலந்துல செத்துப்போச்சு. அதோட இந்தியக் கிளைதான் அலங்காநல்லூர் வாடிவாசல்ல சீறி வர்ற திமில் காளைகளோட மூதாதை. அதுவும் இப்போ இல்ல.

சரி, தமிழ்ல காட்டு மாட்டுக்கு என்ன பேரு? அதுதான் "ஆமா". ஆ என்றால் பசு, மா என்றால் விலங்கு. திருமுருகாற்றுப்படையோட கடைசிப் பகுதியில பழமுதிர்சோலை அருவி வருது. அந்த இரைச்சல்ல கரடி குகைக்குள்ள ஒளியுது, கருங்கொம்பு ஆமாக் காளை முழங்குது. நம்ம அழகர்மலைக்குப் போறப்ப இதை நினைச்சுக்கோங்க.

இந்த ஆமா வேற இனம், இன்னும் உயிரோட இருக்கு. மதுரையில இருந்து பஸ் ஏறி கொடைக்கானல் போனா, ரோட்டோரமாவே நிக்கும். கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால். ஊர்க்காரங்க "காட்டுமாடு"ன்னு சரியா சொல்றாங்க. செய்திகள்லதான் பெரும்பாலும் "காட்டெருமை"ன்னு வருது. எருமை வேற பேரினம்; இது பசுவோட பேரினம். நம்ம முன்னோர் அதை "ஆ"ன்னு கூப்பிட்டப்பவே சரியாப் புரிஞ்சு வச்சிருந்தாங்க.

அங்கே மாடு போயிடுச்சு, பேரு நிக்குது. இங்கே மாடு நிக்குது, பேரு போயிடுச்சு. மாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பேரைக் கொண்டுவரலாம்ல? அடுத்த தடவை கொடைக்கானல்ல பார்த்தா, தள்ளி நின்னு, செல்ஃபி எடுக்காம, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க: "அது ஆமா."

"என்னது, ஆமாவா?"ன்னு கேட்பாங்க. "ஆமா!"