முகம் பார்க்கும் கல்வி



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் சிலர் கம்போங் குவாந்தான் படகுத்துறைக்குப் போயிருந்தோம். இருட்டிய பிறகு சம்பானில் ஏறி, சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் முழுக்க மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்க்க வெளிநாட்டார்கூட வருகிறார்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அது வீட்டுக் கொல்லை மாதிரி. பலர் ஒரு முறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

எங்களோடு வந்த இளைஞர் இருவரிடம் புதுக் காமிரா இருந்தது. பளிச்சென்று அடிக்கும் விளக்கைப் போடக்கூடாது என்று படகோட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பூச்சிகளுக்கு வெளிச்சம்தான் பேச்சு. ஆண் பூச்சி மின்னித்தான் பெண்ணை அழைக்கிறது. நடுவில் நாம் ஒரு வெளிச்சத்தை வீசினால் அந்தப் பேச்சு குழம்பிப் போகும். பிள்ளைகள் விளக்கில்லாமல் நாற்பது ஐம்பது படம் எடுத்தார்கள். எல்லாம் கறுப்பு.

திரும்பும் வழியில் அவர்களில் ஒருவர் வீட்டில் தேநீர் குடித்தோம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவிய கை. "பாட்டியை எடுத்திருக்கிறாயா?" என்று பேரனைக் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். பாட்டியோ, "இந்த மூஞ்சிய எதுக்குய்யா படம் பிடிக்கணும்? ஐ.சி.யில ஒண்ணு இருக்கே, அது போதாதா?" என்றார்.

அந்தப் பேச்சு நம்மை உறுத்தியது. ஏனென்றால் அது உண்மை. நம் பகுதியில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மாலை போட்டு வைத்திருக்கும் படம் பெரும்பாலும் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதாகத்தான் இருக்கும். அரசாங்கத்துக்காக எடுத்த படம். கண் இமைக்காமல் பயந்துபோய்ப் பார்க்கும் முகம். அந்த மனுஷி சிரித்ததும் அதட்டியதும் அதில் கிடையாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிபட்டன, தோட்டங்கள் பல கைமாறின. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களின் முகமாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?

"சரி, யாரிடம் கற்றுக்கொள்வது?" என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். அன்றிரவு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

முகப் படம் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று யூசுப் கார்ஷ். 1908-இல் துருக்கிப் பக்கத்தில் பிறந்த ஆர்மீனியர். கலவரத்துக்குத் தப்பி, சிறுவயதிலேயே கனடாவிலிருந்த மாமனிடம் அனுப்பப்பட்டவர். மாமனும் படக்காரர்தான். அவர் 1928-இல் மருமகனை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு, ஜான் காரோ என்பவரிடம் தொழில் பழக அனுப்பினார். காரோ மின்விளக்கை நம்பாமல் ஜன்னல் வழி வரும் பகல் வெளிச்சத்திலேயே வேலை செய்தவர். வெளிச்சம் முகத்தில் எப்படி விழுந்து எங்கே நிழலாகிறது என்று பார்ப்பதுதான் அங்கே முதல் பாடம்.

கார்ஷ் 1941 டிசம்பர் 30-ஆம் தேதி ஒட்டாவாவில் சர்ச்சிலைப் படமெடுத்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் பட்டென்று எடுத்துவிட்டார், சர்ச்சில் முறைத்தார், அந்த முறைப்பே உலகப் புகழ் பெற்ற படமாயிற்று. அதற்குப் பிறகு, எதிரில் உட்கார்ந்தவரைச் சீண்டினால்தான் நல்ல படம் வரும் என்று நினைத்த இளைஞர்கள் எத்தனையோ பேர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சர்ச்சில் ஒரு நாட்டின் பிரதமர். அவர் முறைக்கலாம், எழுந்தும் போகலாம். நம் பாட்டியிடமிருந்து எதைப் பறித்தாலும் அவர் பேசாமல்தானே இருப்பார்?

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. டில்லியில் 1961-இல் பிறந்த தயானிதா சிங் என்ற அம்மையார். அகமதாபாத்தில் வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கும்போது, 1980-களின் தொடக்கத்தில், தபேலா மேதை ஜாகிர் உசேனைப் படமெடுக்கக் கச்சேரிக்குப் போனார். நிகழ்ச்சிக்காரர் ஒருவர் தடுத்துத் தள்ளியதில் எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டார். எழுந்து நேராக ஜாகிர் உசேனிடமே போய், இன்று நான் மாணவி, ஒரு நாள் பெரிய படக்காரியாவேன், அப்போது பார்க்கலாம் என்னும் பொருளில் சொல்லிவிட்டார். துணிச்சல்தான்! ஜாகிர் உசேன் கோபித்துக்கொள்ளவில்லை. படமெடுக்க இடம் கொடுத்தார்.

அதன்பின் ஆறு குளிர்காலங்கள் அந்த இசைக்குழுவினரோடு ஊர் ஊராகப் பயணம் போனார் தயானிதா. 1986-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தின் பெயரே 'ஜாகிர் உசேன்'. அவர் அங்கே கற்றது காமிரா வித்தையல்ல. கைதட்டல் வாங்கிய கலைஞர் மறுநாள் காலை மறுபடி உட்கார்ந்து அதே சொல்லை அடித்துப் பழகுவதைக் கண்டார். அந்தச் சாதகத்தைத்தான் கற்றேன், என் முதல் குரு அவரே என்று பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சி. 1989-இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். படங்கள் லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும் மோனா பதறினார். அங்கே அவருடைய உறவினர் இருந்தார்கள். பிலிமைக் கொடுத்துவிடு என்றார். தயானிதா மறுபேச்சில்லாமல் சுருளைக் கையில் கொடுத்துவிட்டார். தொழிலுக்குப் புதியவர், வேலை போய்விட்டது. ஆனால் அன்று தொடங்கிய நட்பு பல ஆண்டுகள் நீடித்து, 2001-இல் இருவரும் சேர்ந்து செய்த புத்தகமாயிற்று. பிலிமைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த கைதான் அந்த முகத்தை எடுக்க உரிமை பெற்றது என்பது நம் எண்ணம்.

2022-இல் சுவீடன் நாட்டின் ஹாசல்பிளாடு விருது தயானிதாவுக்குக் கிடைத்தது. புகைப்படத் துறையில் அது மிகப் பெரிய விருது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, 'பாரி' என்ற கிராமிய இந்தியாவின் மக்கள் ஆவணகத்தோடு சேர்ந்து, இளம் படக்காரர்களுக்காக இரண்டு லட்சம் ரூபாய்ப் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார். பாரி என்பது பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கியது. முதல் பரிசு யாருக்குப் போனது தெரியுமா? மதுரைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமாருக்கு. மீன் விற்கும் தாயின் பிள்ளை.

மலக்குழியில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வந்த 'கக்கூஸ்' என்ற ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். பிறகு கடற்பாசி எடுக்கும் பெண்கள், ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் என்று உழைக்கும் மக்களின் முகங்களையே தேடித் தேடி எடுத்து வருகிறார். சந்தைக்குப் போகும் தன் தாயையும் படமெடுத்து எழுதியிருக்கிறார். பரிதாபத்துக்காக எடுத்த படங்கள் அல்ல அவை. எதிரில் நிற்பவர் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாம்தான் கொஞ்சம் கூசிப்போவோம்.

அவரும் பரிசோடு நின்றுவிடவில்லை. மீனவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காமிரா பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்களில் அவரவர் அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், அவரவர் தெரு இருக்கிறது. தபேலாக்காரரிடம் தொடங்கிய சாதகம் வடசென்னைத் தெருவரை வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்!

இதையெல்லாம் கேட்ட நம் இளைஞர்கள் மறு வாரமே பாட்டியிடம் போனார்கள். முதல் இரண்டு நாள் காமிராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். அதில் ஒருவருக்கு வருத்தம்தான். பாட்டி பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, மழை வந்து மங்குப் பால் வீணானது, காண்டா சுமந்து தோள் காய்த்தது எல்லாம் வெளியே வந்தன. பேரனுக்கே பாதிக்கு மேல் புதுச் செய்தி.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். வாசல் வழியாகச் சாய்வாக வெளிச்சம் வந்தது. பாட்டியைக் கதவோரம் உட்கார வைத்து, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொன்னார்கள். விளக்கும் இல்லை, பின்னால் தொங்கவிடும் படுதாவும் இல்லை. "இருய்யா" என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்து உள்ளே போனார். முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் அடுப்படிப் பரணிலிருந்து துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். பால் வெட்டும் உளி. துருவேறியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எடு" என்றார்.

படத்தைக் கைத்தொலைபேசியிலேயே விட்டுவிடாமல் கடையில் கொடுத்து இரண்டு பிரதி போட்டார்கள். பின்பக்கம் பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்தத் தேதியில் எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதினார்கள். ஒரு பிரதியைப் பாட்டியிடம் கொடுத்தபோது கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"எங்க அம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். பிறகு, கிள்ளானில் இருக்கும் மகளுக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்.