நிறுத்தலாம், திருப்பிக் கேட்கலாம்

2004-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிதி ஆய்வாளராக இருந்த சல்மான் கான், தொலைவில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். அலகு மாற்றம்தான் அவளைத் திணறடித்தது. காதில் தொலைபேசி, கணினித் திரையில் எழுத்து. விஷயம் தெரிந்து மற்ற உறவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு நேரம் ஒதுக்குவது கடினமானதும், 2006-இல் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார்.

நேரில் கேட்பதைவிட யூடியூபில் கேட்பதுதான் பிடித்திருக்கிறது என்றார்கள் பிள்ளைகள்!

காரணம் இருக்கிறது. 'புரிஞ்சுதா?' என்று யாரும் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் மறந்துபோன பின்னக் கணக்கைக் கூச்சமில்லாமல் மறுபடி பார்க்கலாம். தெரிந்த பகுதியைத் தாண்டிப் போகலாம். அந்தப் பதிவுகளிலிருந்து வளர்ந்ததுதான் கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளம்.

பிள்ளைகளுக்கு யூடியூப் பாடம் பிடித்ததை வைத்து, 'இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர்' என்று முத்திரை குத்திவிடக் கூடாது. அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008-இலேயே சொன்னது. வேகமும் நேரமும் சூழலும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

சூழலுக்கு ஏற்பக் கற்றதற்கு ஓர் உதாரணம்: எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய இளைஞர் ஒருவர், நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டார். தலையில் பெட்டி, காதில் இயர்போன். கேட்டதை நடந்தபடியே மனதுக்குள் போட்டுப் பார்ப்பார். இரவில் மறுபடி ஒருமுறை படிப்பார். 2018-இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார்.